பழைய காரில் கட்டிய வெட்டிவேர்த் தட்டி

நான் செய்த தவறு என்பதால் இதை எழுத ஐந்து வருஷம் தயங்கினேன்.

பிரசவித்த மகளையும் பேரனையும் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பழைய வாடகைக் காரில் அழைத்து வந்தபோது, வெயிலுக்காகப் பின்சீட்டுச் சன்னல்களில் நனைத்த வெட்டிவேர்த் தட்டி கட்டினேன். தக்கலை தாண்டியதும் மகள், "அப்பா, தலை சுத்துது" என்றாள். புழுக்கம்தான் என்று நினைத்து, வண்டியை நிறுத்தச் சொல்லி முன்சீட்டிலிருந்து இறங்கி, தட்டிகளை மறுபடி நனைத்து, இடுக்குகளில் துணியும் அடைத்தேன்.

கொஞ்ச தூரத்தில் அவள் சாய்ந்துவிட்டாள். பிள்ளையிடம் அசைவில்லை. "அய்யா, நீரே துணை!" என்று சாமியைக் கூப்பிட்டு அலறினேன்.

டிரைவர் வண்டியை நிறுத்தினார். "அண்ணாச்சி, அடிப்பலகை ஓட்டை வழியா எஞ்சின் புகை உள்ள ஏறுது. சன்னல அடைச்சதால வெளிய போவ வழியில்ல. பிள்ளைய வெளிய எடும்!"

காற்றில் பிடித்ததும் பேரன் வீறிட்டு அழுதான். வெளியே இறக்கிக் கிடத்திய மகளும் கண்விழித்து, "எனக்கு வெயிலே போதும்ப்பா" என்றாள்.

இப்போது நான் காரில் எந்தச் சன்னலையும் அடைப்பதில்லை. யாருக்காவது தலை சுற்றினால் முதலில் கீழே இறக்கிவிடுகிறேன். இதைக் கூட்டாமல் குறைக்காமல், என் தவறையும் மறைக்காமல், மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்.