என் குரலில் ஒரு டாக்டர்

விஞ்ஞானச் செய்தி எதையும் நான் முழுதாகப் படிப்பதில்லை. தலைப்பிலேயே சந்தேகம் வந்துவிடும். மிச்சத்தைப் படித்தால் அது தீர்ந்துவிடுமோ என்று பயம்.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ரப்பர் மரம் சீவும் இயந்திரம் விரைவில் வருகிறது என்ற செய்தியை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பார்த்தேன். கல்யாணத்துக்கு முந்தின வருஷம் பார்த்தேன். போன வருஷமும் பார்த்தேன். இதற்கிடையில் எங்கள் பக்கத்தில் ரப்பர் மரங்களையே சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டுவிட்டார்கள். இயந்திரம் மட்டும் இன்னும் விரைவில் வந்துகொண்டிருக்கிறது.

பண்டார் பாரு பக்கம் அப்படியொரு செம்பனைத் தோட்டத்தில்தான் நான் கிராணி, சம்பளக் கணக்கு எழுதுபவன். ஆபீஸ் வாசலில் முகம் பார்த்து வருகை பதியும் கருவி ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். நான் கண்ணாடியைக் கழற்றினால்தான் அதற்கு என்னைத் தெரியும். கழற்றிவிட்டால் எனக்கு அதைத் தெரியாது. ஒருநாள் டிராக்டர் ஓட்டுபவரின் பெயரைச் சொல்லி என்னை உள்ளே விட்டது. அவருக்கு மீசை உண்டு, எனக்கு இல்லை. கேள்விப்பட்டபோது அதிகம் வருத்தப்பட்டவர் அவர்தான்.

ஆகவே, கூலிமில் எங்கள் தாமான் குடியிருப்புக்கு வெளியே இருக்கும் ஒட்டுக்கடையில் எனக்கு ஒரு பதவி தானாகவே வந்து சேர்ந்தது. யாராவது கைப்பேசியை நீட்டி, “அண்ணே, இது மெய்யா பொய்யா?” என்பார்கள். நான் தே தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, “பொய்” என்பேன். மூன்று நாள் உலகம் இருளும் என்றார்கள், பொய் என்றேன், இருளவில்லை. டுரியான் கொட்டையை அரைத்துக் குடித்தால் இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி போய்விடும் என்றார்கள், பொய் என்றேன், போகவில்லை. எல்லாவற்றையும் பொய் என்பவன் அடிக்கடி ஜெயிக்கிறான். அதை அறிவு என்று நினைத்துக்கொள்வதுதான் ஆபத்து.

இப்படியிருக்கையில், இனிப்புநீர் உள்ளவர்களின் கண்ணைப் படம் பிடித்தால் கம்ப்யூட்டரே நோயைக் கண்டுபிடித்துவிடும் என்று ஒரு செய்தி வந்தது. ஒட்டுக்கடை குரூப்பில் கருத்துக் கேட்டார்கள். கடையிலேயே உட்கார்ந்து என் குரலில் பதிவு செய்தேன்.

“கேளுங்க. எங்க ஆபீஸ் வாசல்ல மாட்டியிருக்கிற மிஷினுக்கு என் மூஞ்சியே தெரியல. இவ்ளோ பெரிய மூஞ்சி. இதுல கண்ணுக்குள்ள ஊசிமுனை கணக்கா இருக்கிற ரத்தக் கசிவ கம்ப்யூட்டர் கண்டுபிடிக்குமாம். முப்பது வருஷமா பார்த்துட்டேன், மிஷின் சொல்றது மிஷின் விக்கிறவனுக்குத்தான் நல்லது. கண்ணு தெரியுதுல்ல? அப்புறம் என்னத்துக்கு அதைப் போய் நோண்டணும்?”

பத்துப் பேர் சிரிக்கும் முகங்களைப் போட்டார்கள். அன்று முழுக்க நான் நன்றாகத்தான் இருந்தேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்கா எங்கள் கேட்டருகே வந்து நின்றார். ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவு அவருக்கு. ஷிஃப்ட் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, கம்ப்யூட்டர் சில்லுகளில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இனிப்புநீர் வந்து பல வருஷமாகிறது. வரும் வியாழக்கிழமை கிளினிக்கில் அவருக்குக் கண் படம் எடுக்க நாள் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு என் மனைவியோடு மார்க்கெட் போகலாம், தான் கிளினிக் போகப்போவதில்லை என்று சொல்ல வந்திருந்தார்.

“ஏன்க்கா?”

“ஒரு பெரிய டாக்டரே வேணாங்கிறாரு தம்பி. கேளு இத.”

கைப்பேசியை அழுத்தினார். “கேளுங்க” என்று அதிலிருந்து நான் பேசினேன்.

பதிவுக்கு மேலே யாரோ எழுதிச் சேர்த்திருந்தார்கள்: முப்பது வருடம் அமெரிக்காவில் பணியாற்றிய நம் தமிழ்க் கண் டாக்டர் மனம் திறந்து பேசுகிறார். நான் சொன்ன அந்த முப்பது வருஷம், நான் சம்பளப் பட்டியல் தயாரித்த முப்பது வருஷம்.

“அக்கா, இது நான்.”

“எது?”

“பேசுறது. நான்தான்.”

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். “போ தம்பி. அவரு எவ்ளோ தெளிவா பேசுறாரு.”

“நெசமாதான்க்கா. மிஷினுக்கு மூஞ்சி தெரியலன்னு சொல்றேன்ல, அது எங்க ஆபீஸ் மிஷின்.”

“அமெரிக்காவுல மட்டும் ஆபீஸ் இல்லையா?”

சாட்சிக்கு மனைவியைக் கூப்பிட்டேன். ஈரக் கையோடு வந்து முழுதாகக் கேட்டுவிட்டு, “இவரா? இவரு வீட்ல ரெண்டு வார்த்த சேர்ந்தாப்புல பேசி நான் கேட்டதே இல்லக்கா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஊரார் பொய்களை எல்லாம் பிரித்து மேய்ந்தவன், என் பொய் என்னுடையதுதான் என்று நிரூபிக்க முடியாமல் என் வீட்டு வாசலிலேயே நின்றேன். பதிவை மறுபடியும் ஓடவிடச் சொன்னேன். கடைசியில், என் பேச்சு முடிந்து அது நிற்பதற்கு முன்னால், கடைக்காரர் குரல் தூரத்தில் கேட்கும் என்று ஞாபகம். கேட்டது. “அண்ணே, ஒங்களுக்கு தே ஓ, சீனி போடாம, அதானே?”

“இது நம்ம ஒட்டுக்கடைக்காரரு குரலு. அமெரிக்கா டாக்டருக்கு அங்க என்னக்கா வேல?”

அக்கா இன்னொரு தடவை அதை மட்டும் கேட்டார். முகம் மாறியது, ஆனால் நான் எதிர்பார்த்த பக்கம் மாறவில்லை.

“சீனி போடாமயா? ஒனக்கும் இருக்கா?”

“கொஞ்சம்.”

“இதுல என்னடா கொஞ்சம்? கண்ணுக்கு கார்டு குடுத்தாங்களா?”

“குடுத்தாங்க.”

“போனியா?”

கார்டு என் காடி டேஷ்போர்டில், ரோட் டேக்ஸ் தாள்களுக்கு அடியில் இருந்தது. தேதி போய்விட்டது. அந்தப் பதிவைப் பேசியதற்கு முந்தின நாள் வந்த கார்டு அது. இந்த விவரத்தை நான் பதிவில் சேர்க்கவில்லை.

“பயந்துக்கிட்டு பேசியிருக்க,” என்றார் அக்கா. திட்டுவதுபோல் இல்லை. கேட்டைப் பிடித்தபடி குரலைத் தாழ்த்தினார். 

“எனக்கு ஒரு கறுப்பு நூல் தெரியுது தம்பி. மைக்ரோஸ்கோப்புல பாக்கறப்ப. லென்ஸுல கீறல்னு நெனச்சு தொடச்சேன். போகல. வேற எடத்துக்கு மாறி உக்காந்தேன். அங்கயும் கூடவே வருது.”

“எத்தன நாளா?”

“ரெண்டு மாசம் இருக்கும். போய் காட்டுனா கண்ணு சரியில்லன்னு எழுதிக் குடுப்பாங்க. கம்பெனிக்குத் தெரிஞ்சா பேக்கிங்ல போட்டுருவாங்க. இவரு வேணாம்னு சொன்னாரா, மனசுக்கு நல்லா இருந்திச்சு. தெனம் ஒரு தடவ கேப்பேன்.”

தினம் ஒரு தடவை. என் பேச்சை வீட்டில்கூட யாரும் அப்படிக் கேட்டதில்லை.

போகவேண்டும் என்று மன்றாடினேன். “கண்ணு தெரியுதுல்ல? என்னத்துக்கு நோண்டணும்?” என்று என் வரிகளாலேயே பதில் சொன்னார். நான் பேசியிருந்ததைவிட நன்றாகச் சொன்னார். கடைசியில் அவரே ஒரு நிபந்தனை போட்டார்: “நீ மொதல்ல கண்ண வை. அப்புறம் நான் வைக்கிறேன்.”

வியாழக்கிழமை இருவரும் போனோம். மிஸ்ஸி, அதாவது தாதி, எங்கள் கண்களில் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார். அதற்கு முன், தேதி போன என் கார்டைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, வரிசை நடுவில் என்னையும் சேர்த்துக்கொண்டிருந்தார். முகவாயை ஒரு தாங்கியில் வைக்கச் சொன்னார்கள். கண்ணாடியைக் கழற்றச் சொன்னபோதே எனக்கு இந்த இயந்திரக் குலத்தின்மேல் பழைய கசப்பு எழுந்தது. ஒரு வெளிச்சம் அடித்தது. அவ்வளவுதான். இதற்கா இத்தனை வாதம் என்று இருந்தது.

டாக்டர் ஒரு சின்னப் பெண். என் கண்ணில் இப்போதைக்கு ஒன்றும் இல்லை, ஆறு மாதத்தில் மறுபடி வரவேண்டும் என்றார். அக்காவின் படத்தை நெடுநேரம் பார்த்தார். வலக்கண்ணில் ரத்தக் கசிவு, பெரிய ஆஸ்பத்திரியில் லேசர் வைக்கவேண்டும், அடுத்த வாரமே, தள்ளிப்போடக் கூடாது.

“இது மிஷின் சொல்றதா, நீங்க சொல்றதா?” என்றேன். பழக்கதோஷம்.

“மிஷின் சொல்றத அப்படியே நானும் நம்ப மாட்டேன் அங்கிள். அதான் உக்காந்து பார்த்தேன்.”

அவரும் என் ஜாதிதான். சந்தேகப்பட்ட பிறகு போய்ப் பார்க்கிறார், நான் சந்தேகத்தோடு வீட்டுக்குப் போய்விடுகிறேன்.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. “என் வேல?”

“நாங்க கம்பெனிக்கு எதுவும் அனுப்ப மாட்டோம். ஆனா இப்படியே விட்டா, வேல தானா போயிரும் ஆன்ட்டி.”

சொட்டு மருந்தில் இருவருக்கும் வெயில் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. காடி ஓட்ட முடியாது. கிளினிக் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஆஸ்பத்திரிக் கடிதத்தில் ஓர் எழுத்துகூட எங்களுக்குத் தெரியவில்லை.

“எங்க ஃபேக்டரி லைன்ல பாதிப் பேரு ஒன் பேச்சக் கேட்டுட்டாளுங்க,” என்றார் அக்கா. “இப்ப போகச் சொல்லிப் பேசு. அந்த டாக்டர் மாதிரியே பேசு.”

முயன்றேன். “நான் டாக்டர் இல்ல. தோட்டத்துக் கிராணி. முன்ன பேசுனது தப்பு. போய்... கண்ணக் காட்டுங்க.” நடுவில் இருமல் வேறு. பொய்க்கு இருந்த கம்பீரம் இதற்கு வரவில்லை.

அக்கா கைப்பேசியைத் தூரப் பிடித்து, குத்துமதிப்பாக ஓர் இடத்தில் அழுத்தினார். “எந்த குரூப்புக்கு அனுப்பிச்சீங்க?” என்றேன். “யாருக்குத் தெரியும்” என்றார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் குரல் பதிலாக வந்தது, அவரோடு வேலை செய்பவர்: “யாருக்கா இந்த ஆளு? பேச்சே சரியில்லயே. ஏமாத்து வேலயா இருக்கப் போவுது.”

அக்கா என்னைப் பார்த்தார், அல்லது நான் இருந்த திசையைப் பார்த்தார். பிறகு கைப்பேசியை வாயருகே வைத்துக்கொண்டார்.

“அவன விடுடி. நான் போய்ட்டு வந்துட்டேன். எனக்கு இருக்கு. அடுத்த வாரம் லேசரு. ஒனக்கும் நூல் மாதிரி தெரியுதுன்னு அன்னைக்கு சொன்னல்ல, நாளைக்கு லீவு போடு.”