என்னை மட்டும் கொல்லாத ஸ்டெல்லா அக்கா

வத்தலக்குண்டுக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபோதுதான் செல்போன் அடித்தது. ஸ்டெல்லா அக்காவின் தம்பி. "அக்கா போயிட்டாகக்கா" என்றார். பக்கத்தில் பூக்கூடையோடு இருந்த அம்மா, "யாரு தாயி?" என்று கேட்டார். மாத நாவலில் ஆட்களை வெட்டிக் கொல்லும் எழுத்தாளர் என்று சொன்னால் அந்த அம்மா இடம் மாறி உட்கார்ந்திருப்பார். "எங்க அக்கா" என்று மட்டும் சொன்னேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திண்டுக்கல்லுக்குத் திரும்பினேன்.

கூடப் பிறந்தவர் இல்லை. தொண்ணூறுகளில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் நானும் அவரும் ஒன்றாகச் சொல்லிக்கொடுத்தோம். வகுப்பு இல்லாத மதியங்களில் அவர் கொலை செய்ய உட்கார்ந்துவிடுவார். சோளக்காட்டுப் பொம்மையின் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அரிவாளோடு வருவான் அவருடைய கொலைகாரன். காலேஜ் பிள்ளைகளையும் மில் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகத் தீர்ப்பான். துரத்தும்போது அவன் சைக்கிளில் செயின் கழன்றுவிடும். மாட்டிக்கொண்டு வந்து வெட்டிவிட்டு, கையில் ஒட்டிய செயின் மசியைச் செத்தவளின் தாவணியிலேயே துடைப்பான். பயந்த இடத்திலேயே நமக்குச் சிரிப்பும் வந்து தொலைக்கும்.

வேடசந்தூர் மில் பஸ்ஸில் கை மாறிக் கை மாறி அந்தப் புத்தகங்களின் அட்டை கிழிந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிள்ளைகள் மாதா கோயில் வாசலில் அக்காவைப் பிடித்துக்கொள்வார்கள்.

"அக்கா, அடுத்த கதையில என்னயக் கொல்லுங்கக்கா."

"எப்பிடிச் சாகணும்? கிணத்துலயா, காட்டுலயா?"

"கிணறு வேணாம்க்கா, புதுத் தாவணி நனைஞ்சிரும்."

கேட்டவளின் சொந்தப் பெயரிலேயே கொல்வார். செத்தவள் அந்த மாதம் முழுக்க மில்லில் ராணி மாதிரி நடப்பாள்.

எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் கதைக்குக் கதை கடைசியில் உயிர் தப்புகிறவள் நான்தான். பெயர் மாறும். சோடாப்புட்டிக் கண்ணாடியும் பல்லி பயமும் மாறாது. கொலைகாரன் ஒழிந்த பிறகு அவள் தனியாக நின்று, செத்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்வாள். கல்லறைத் திருநாளில் சாமியார் வாசிப்பாரே, அதைப் போல. அந்தக் கடைசிப் பக்கம் இல்லாமல் அக்கா எந்தக் கதையையும் முடித்ததில்லை.

மதுரைப் பதிப்பாளருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு நாள் நேரில் வந்துவிட்டார்.

"திகில் கதைக்கு ஒப்பாரி எதுக்கும்மா? கடைசிப் பக்கத்த வெட்டிருவோம்."

"வெட்டுறதெல்லாம் என் வேலை. நீங்க பக்கத்தத் தொடாதீக" என்ற அக்கா, கதையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு பல மாதங்கள் அவர் பெயரில் நாவலே வரவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியாமல், விட்டுக்கொடுக்கவும் மனமில்லாமல் அவர் இளைத்துப்போனதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். கடைசியில் கடைக்காரர்களின் நச்சரிப்புத் தாங்காமல் பதிப்பாளரே இறங்கி வந்தார். ஆனாலும் வீம்புக்கு அந்தப் பக்கத்தை மட்டும் எறும்பு எழுத்தில் அச்சடித்தார். மில் பிள்ளைகள் அதையும் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு இன்ஸ்டிடியூட் மூடப்பட்டது. நான் வத்தலக்குண்டில் ஒரு பள்ளி அலுவலகத்தில் சேர்ந்தேன். அக்கா எழுதிக்கொண்டே இருந்தார். போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சிறுநீரகம் கெட்டு, முகம் வீங்கிக் கிடந்தார்.

"சீக்கிரம் எந்திரிச்சு வாங்கக்கா. இந்தத் தடவையாச்சும் என்னயக் கொல்லுங்க" என்றேன்.

"ஒன்னயக் கொன்னுட்டா பேரச் சொல்றது யாரு? வெட்டுறது லேசு புள்ள. செத்தவுகள நெனச்சு ஒருத்தியாச்சும் அழுகணும். இல்லாட்டி அது கதையில்ல, கறிக்கடை."

சற்று மூச்சு வாங்கிவிட்டு, "ஒனக்குப் பின்னால பல்லி" என்றார். துள்ளி எழுந்தேன். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

நேற்று கல்லறைத் தோட்டத்துக்கு அந்த மில் பிள்ளைகள் வந்திருந்தார்கள், இப்போது இடுப்பில் குழந்தைகளோடு. செபம் முடிந்து, ஆளுக்கொரு பிடி மண் போட்ட பிறகு ஒருத்தி என்னிடம் வந்தாள்.

"நான் சோளக்காட்டுல செத்தவக்கா."

"நான் பஞ்சு மூட்டைக்குள்ள" என்றாள் இன்னொருத்தி. "நீங்கதான அந்தக் கண்ணாடி போட்ட அக்கா? பேரச் சொல்லுங்கக்கா."

அவர் கொன்றவர்கள் எல்லாரும் என்னைச் சுற்றி உயிரோடு நின்றார்கள். எனக்குச் சொல்ல ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. "ஸ்டெல்லா மேரி" என்று சொன்னேன். அவர் எழுதியபடி சத்தமாக, இன்னொரு முறை சொன்னேன். பிள்ளைகளும் கூடச் சொன்னார்கள்.

போய் வாருங்கள், அக்கா. மிச்சம் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று நீங்கள் ஒரு கதையிலும் எழுதவில்லையே.