தொட்டால் உரியும் தோல்

முதலில் வாய்தான் புண்ணானது. சூட்டுப்புண் என்று நினைத்த சலூன்காரர் தண்ணீராகக் குடித்துப் பார்த்தார். பல் டாக்டர் ஒரு பல்லைப் பிடுங்கிப் போட்டார். புண் ஆறவில்லை. ஒரு உப்புக்கல் பட்டாலும் உயிர் போய் உயிர் வந்தது. ஆள் பாதியாக இளைத்தும் கடையை மட்டும் விடவில்லை. கடையில் இரண்டு நாற்காலி; ஒன்று அவருக்கு, ஒன்று மச்சினனுக்கு. அவருடைய கைப்பதத்துக்கு, சவரம் நடக்கும்போதே குறட்டை விடுகிறவர்கள் உண்டு.

பிறகு மார்பில் கொப்புளம் வந்தது. நீர் கோத்துத் தொளதொளவென்று இருக்கும். சட்டை உரசினாலே உடைந்து பச்சைப் புண்ணாகிவிடும். தலை, முதுகு, கழுத்து என்று பரவியது. காலையில் எழுந்தால் விரிப்பும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். மனைவி வெந்நீரால் நனைத்து நனைத்துப் பிரித்தெடுப்பாள். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளவும் வழியில்லை, வாயெல்லாம் ரணம்.

ஒருநாள் பிளேடு மாற்றிக்கொண்டிருந்தார். முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்த பழைய வாடிக்கையாளர் ஒருவர் கண்ணாடியில் அவர் கழுத்தைப் பார்த்துவிட்டார்.

“அவசரமா ஒரு வேலை இருக்கு, அப்புறம் வரேன்” என்று நுரையைத் தானே துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

அன்று மாலை மச்சினன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “மாமா, சரியாகுற வரைக்கும் வீட்ல இருங்களேன்.”

“ஒட்டுற வியாதின்னு நெனைக்கிறியா மாப்ள?”

“நான் நெனைக்கல. வர்றவங்க நெனைக்கிறாங்க.”

மனைவிதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். தோல் டாக்டரம்மா, மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் புடைசூழக் கட்டிலருகே வந்தார்.

“புண்ணுக்குப் பக்கத்துல இருக்கற நல்ல தோலை லேசாத் தள்ளிப் பாக்கணும். வலிக்கும். சரியா?”

அவர் தலையாட்டினார். டாக்டர் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினார். ஒரு குறையும் தெரியாத தோல் ஈரக் காகிதம் மாதிரி நழுவி வந்தது. பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊரார் முகத்தையெல்லாம் கீறல் படாமல் வழித்த மனிதருக்குத் தன் தோல் தன்னிடமே நிற்கவில்லை. 

“பெம்பிகஸ் மாதிரி இருக்கு” என்றார் டாக்டர். “கிருமியோட சண்டை போட வேண்டிய உங்க எதிர்ப்பு சக்தியே, தோலோட செல்களை ஒட்டவச்சிருக்கற பசையைத் தாக்குது. துளி தோல் எடுத்துப் பரிசோதனை பண்ணி உறுதி பண்ணிக்கலாம்.” பிள்ளைகளிடம் திரும்பினார். “மேல்தோலுக்குள்ளயே பிரியறதால சீக்கிரம் உடையுது. மேல்தோலுக்கு அடியில பிரியற வியாதியும் இருக்கு, வயசானவங்களுக்கு அதிகமா வரும். அதுல கொப்புளம் விறைப்பா நிக்கும்.”

“அடுத்தவங்களுக்கு ஒட்டுமா டாக்டர்?” என்று கேட்டார் சலூன்காரர்.

“ஒட்டவே ஒட்டாது.”

“இதை எங்க கடை வாசல்ல வந்து சொல்லுவீங்களா?”

டாக்டர் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார்.

பரிசோதனையில் அதுவேதான் என்று உறுதியானது. ஸ்டீராய்டு கொடுத்தார்கள், நரம்பு வழியாக இன்னொரு மருந்தும் ஏற்றினார்கள். புதுக் கொப்புளம் நின்றது. ஆனால் முகம் ஊதிப்போனது, சர்க்கரை ஏறியது, தூக்கம் போனது.

“என்னை விட்டுடு. போதும்” என்றார் மனைவியிடம்.

“எங்க விடறது? பேசாம திரும்பிப் படுங்க, முதுகுக்கு மருந்து போடணும்” என்றாள். அவள் குரல் உடைந்திருந்ததைக் கேட்டு அவர் திரும்பிப் படுத்தார்.

மாதங்கள் போய்ப் புண்கள் ஆறின. தழும்பில்லை, கருத்த திட்டுகள் மட்டும். மாத்திரையைக் குறைக்கும்போது திரும்ப வரலாம் என்று எச்சரித்துத்தான் அனுப்பினார்கள்.

கடைக்குப் போனார். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் புது ஆள் ஒருவன் முடி வெட்டிக்கொண்டிருந்தான். மச்சினன் அவசரமாகக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

“நீங்க சும்மா உக்காருங்க மாமா, அது போதும்.”

உட்கார்ந்தார். உள்ளே வந்த ஒருவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, செல்போனைக் காதில் வைத்தபடி வெளியேறினார். மச்சினன் சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

“என்ன, போன உடனே வந்துட்டீங்க?” என்று கேட்டாள் மனைவி.

“அங்க ஆள் இருக்கு.”

 அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.