அக்காவுக்கு நான்கு பெட்டிகள்

தையல்காரி முழங்கால் போட்டுக் கட்டிலுக்கடியில் டேப்பை நீட்டினாள். தரையிலிருந்து கட்டிலின் நாடாப் பின்னல் வரை முப்பத்திரண்டு சென்டிமீட்டர். கடையில் பார்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் பெட்டியின் உயரம் முப்பது. அவளுக்குக் கண் கலங்கியது. அக்காவுக்கு இடம் கிடைத்துவிட்டது.

கணவனை இழந்த அக்கா வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்து நான்கு நாள். இரண்டே அறை உள்ள வீடு. பஸ் ஓட்டுநரான தையல்காரியின் புருஷன் கெட்டவரில்லை, ஆனால் கறார்.

"உங்க அக்கா தாராளமா இருக்கட்டும். ஆனா மூட்டை முடிச்சு ஒண்ணும் வெளிய தெரியக் கூடாது. எல்லாம் உள்ள அடங்கலைன்னா வேற வழி பாரு."

அந்தப் பேச்சு அக்காவின் காதிலும் விழுந்திருந்தது.

கடையில் அந்தப் பெட்டியின் மேல் எழுபத்தைந்து லிட்டர் என்று ஒட்டியிருந்ததைத் தையல்காரி நம்பவில்லை. பக்கங்கள் அடியில் குறுகின. உள்ளே வாயையும் அடியையும் தனித்தனியே அளந்து, நடுவாக ஒரு கணக்கு எடுத்து, அதை ஆழத்தால் பெருக்கினாள். அறுபத்து நான்குதான் வந்தது. பிறகு வீட்டுக்கு வந்து அக்காவின் துணிகளை மடித்து அடுக்கி, பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்று போட்டு, அடுக்கடுக்காய் அளந்தாள்.

"ஊரார் உடம்பையெல்லாம் அளந்து முடிச்சுட்டு, இப்ப என் குண்டானுக்கு வந்துட்டியா?" என்று அக்கா சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று.

நான்கு பெட்டிகள் வந்தன. எல்லாம் அடங்கி, கட்டிலுக்கடியில் வழுக்கிக்கொண்டு போயின. கூடம் பளிச்சென்று இருந்தது.

மதியம் ஓட்டுநர் டூட்டி முடிந்து வந்து பொத்தென்று கட்டிலில் விழுந்தார். அடியில் படார் என்று ஒரு பெட்டியின் மூடி விரிசல் விட்டது.

"முதுகுல என்னடி குத்துது?"

தையல்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள். பேன்ட் தைக்க வருகிறவர்களை உட்காரச் சொல்லி அளவெடுக்கிறவள், ஆள் படுத்தால் தொய்கிற நாடாக் கட்டிலை வெறுமனே அளந்துவிட்டாளே.

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அக்கா பெட்டிகளை இழுத்து, துணிகளை எடுத்துப் பழைய விரிப்பில் வைத்து முடிச்சுப் போடத் தொடங்கினாள்.

"லேடீஸ் ஹாஸ்டல்ல கேட்டிருக்கேன் பாப்பா. நீ அழாத. உன் குடும்பம் எனக்கு முக்கியம்."

தங்கை மூட்டையின் முடிச்சைப் பிடித்துக்கொண்டாள். கையை விடவில்லை.

வாசலில் ஆட்டோ நின்றது. ஓட்டுநர் தோளில் ஒரு கோணியோடு உள்ளே வந்தார். கோணியிலிருந்து நான்கு கனமான மரக்கட்டைகள் விழுந்தன.

"பணிமனையில பஸ் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிறது. கேட்டு வாங்கிட்டு வந்தேன். கட்டில் காலைத் தூக்குறேன், நீ அடியில வை."

கட்டில் உயர்ந்தது. அவர் எம்பி ஏறிப் படுத்துக்கொண்டார்.

"இப்ப அள."

"வயித்த எக்காதீங்க."

"எக்கல. அளடி."

தாராளமாக இடம் இருந்தது. அக்கா முடிச்சுப் போட்ட மூட்டையை ஓட்டுநர் பார்த்தார். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அக்கா, அதைப் பிரிச்சுத் திரும்ப உள்ள வைங்க. நான் படுத்தே இருக்கேன். இடிக்குதான்னு பார்த்துச் சொல்லுங்க."

அக்கா முடிச்சை அவிழ்த்தாள்.