பிரியாணிக்குப் பதில் நண்டுக் குழம்பு

மதினிக்கும் எனக்கும் சண்டை மூட்டிவிட்டது ஒரு சேற்று நிலம். மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு எங்களுக்கு அடுத்த வீட்டில் தனியாக இருக்கிறார்.

நான் விராலிமலைப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி மணமேல்குடிப் பக்கம் வரும்வரை கடல் என்றால் எனக்குக் காலண்டர் படம்தான். வந்து பார்த்தால் இங்கே அலையையே காணோம். "இதுக்கு எங்க ஊருக் கண்மாயே தேவல" என்று வந்த புதிதில் வாயை விட்டு, மதினியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்புறம் தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்து, ஊர்க்காரியாகவே ஆகிவிட்டேன்.

ஊருக்கும் கடலுக்கும் நடுவே அலையாத்தி மரங்களும் சேறுமாக நீளமாகக் கிடக்கிறது அந்த நிலம். தண்ணீர் உள்வாங்கும் நேரம் பார்த்து மதினியும் இன்னும் சில பெண்களும் சேற்றில் இறங்கி, கையால் துழாவி நண்டு பிடிப்பார்கள். மதினிக்குச் சோறு போடுவது அதுதான். கடலோரப் பாதுகாப்பு நிலம் என்று அரசாங்கம் வகை பிரித்து வைத்திருந்ததால் யாரும் அங்கே ஒரு செங்கல்கூட வைத்ததில்லை. அதைப் பொழுதுபோக்கு நிலமாக வகை மாற்றிக் கொடுத்தால் படகு விடுவோம், பூங்கா வைப்போம், விடுதி கட்டுவோம் என்று ஒரு கம்பெனி வந்து நின்றது. கிராம சபையில் ஊரின் சம்மதத்தைக் கேட்பார்கள் என்றார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரும் சம்மதிக்கக் கூடாது என்று வீடு வீடாகச் சொல்லக் கிளம்பினேன். முதலில் போனது மதினி வீட்டுக்கு. அங்கேயே வண்டி நின்றுவிட்டது.

"எனக்குச் சம்மதந்தான்" என்றார் மதினி.

"ஒங்க சோத்துல நீங்களே மண்ணள்ளிப் போட்டுக்குவீங்களா மதினி?"

"கூட்டிப் பெருக்குற வேலை தாரேன்னு சொல்லியிருக்காங்க. மாசமானா சம்பளம். சேலைக்கு மேல நீலக் கோட்டு. கையில கவிச்சி இல்லாம நானும் ஒரு நாள் பஸ்ல போகணும்டி. பக்கத்துல உக்காந்தவ மூக்கப் பொத்திக்கிட்டு எந்திரிச்சுப் போனா எப்படி இருக்கும்னு ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது. விறுவிறுவென்று வீட்டுக்கு வந்து மெஷினைப் போட்டு மிதித்தேன். மதினி விடவில்லை. பின்னாலேயே வந்து வாசலில் நின்று, "கோட்டு தந்தாங்கன்னா அதோட கையை மட்டும் கொஞ்சம் பிடிச்சுத் தச்சுக் குடு" என்றார். "ஆமா, அது ஒண்ணுதான் கொறச்சல்!" என்று கத்தினேன். மறுநாள் மற்ற வீடுகளுக்குப் போனேன், நாலைந்து பேர் என் பக்கம் சேர்ந்தார்கள்.

கம்பெனிக்காரர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. வேறொரு ஊர்க் கடற்கரையில் அவர்கள் கட்டியிருக்கும் விடுதியை எங்களுக்குச் சுற்றிக் காட்ட ஒரு பஸ்ஸை அனுப்பினார்கள். எதிர்க்கிறவள் நீ எதற்குப் போனாய் என்று கேட்காதீர்கள். ஓசி பஸ், அதிலும் ஏசி. போகிற வழியெல்லாம் பாட்டும் கும்மாளமுமாகத்தான் போனோம். மதினி ஜன்னலோரத்தில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். மத்தியானம் பிரியாணி. பொய் சொல்வானேன், அருமையான பிரியாணி. நான் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் மதினியின் கண் கடற்கரைப் பக்கம் போனது. தண்ணீர் உள்வாங்கிச் சேறு தெரிந்தது. அவ்வளவுதான், சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அவர் பாட்டுக்கு இறங்கிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை, பழக்கம். குனிந்து கையை விடுவதற்குள் விசில் சத்தம் கேட்டது. காவல்காரர் ஒருவர் ஓடி வந்தார்.

"அங்க எறங்கக் கூடாதும்மா. கெஸ்ட்டுக்கு மட்டுந்தான்."

"நாங்களும் கெஸ்ட்டுதானப்பா. பஸ்ஸு வச்சுக் கூட்டியாந்திருக்காங்க."

"கெஸ்ட்டுன்னா அந்தக் குடைக்குக் கீழ நாற்காலியில உக்காந்து பாருங்கம்மா. சேத்துல கையெல்லாம் விடக் கூடாது." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "நானும் இந்தக் கரைக்காரந்தான். எங்க ஆத்தாவே வந்தாலும் இப்ப நான் விசில் ஊதித்தான் வெரட்டணும். கோவிச்சுக்காதீங்க."

மதினி கோபித்துக்கொள்ளவில்லை. வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். திரும்பி வரும்போது ஜன்னலோரத்தை வேறொருத்திக்கு விட்டுக் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்குப் பயமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். "கை நனைச்சுட்டு வந்துட்டீங்களா? முடிஞ்சது போங்க."

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போனால், பேச்சு முடிவாகாமல் அந்த வீட்டுச் சாப்பாட்டில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். இது தெரிந்தும் ஒரு பஸ் நிறையப் பெண்கள் போய் பிரியாணியை ஒரு கை பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். என்னோடு சேர்ந்து எதிர்த்துக்கொண்டிருந்தவர்களும் இப்போது பின்வாங்கினார்கள். "அந்தக் கம்பெனித் தம்பி பக்கத்துல நின்னு பரிமாறுச்சுக்கா. அது மூஞ்சிக்கு நேரா எப்படி மாட்டோம்னு சொல்றது?" என்றாள் ஒருத்தி. சோறு வேறு, நிலம் வேறு என்று தொண்டை கிழியக் கத்திப் பார்த்தேன். ஒருத்தி காதிலும் ஏறவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கே உள்ளுக்குள் உறுத்தியது. இரண்டு தடவை வாங்கித் தின்றவள் ஆயிற்றே.

கிராம சபைக்கு முந்தின நாள் மதினி வந்தார்.

"மொய் வாங்குனா என்ன செய்வோம்?"

"திருப்பிச் செய்வோம். அதுக்கென்ன இப்ப?"

"அப்ப செஞ்சுருவோம். மசாலாவுக்கு நீ பொறுப்பு. நண்டுக்கு நான்."

மறுநாள் விடியற்காலையிலேயே பெண்கள் எல்லோரும் சேற்றில் இறங்கினார்கள். பள்ளிக்கூடத்து மரத்தடியில் அடுப்பு மூட்டி, பெரிய சட்டியில் குழம்பு கொதித்தது. கூட்டத்துக்கு வந்த கம்பெனித் தம்பி, அவரோடு வந்தவர்கள், பஸ் டிரைவர் எல்லோரையும் உட்கார வைத்து இலை போட்டோம். போதும் போதும் என்றவர் இலையிலும் நான் ஊற்றினேன். கொஞ்சம் கோபத்தோடுதான் ஊற்றினேன். அந்தத் தம்பியோ நண்டு ஓட்டைக் கடித்து உறிஞ்சி, வேர்த்து விறுவிறுத்து, "அக்கா, இன்னுங் கொஞ்சம்" என்று கேட்டார். பாவம், ஊர் விருந்து வைக்கிறது, காரியம் பழம் என்று நினைத்திருப்பார்.

கூட்டம் தொடங்கியது. வந்திருந்த அதிகாரி விவரமெல்லாம் வாசித்துவிட்டு, "இந்த மாற்றம் வேண்டாம் என்கிறவர்கள் கை தூக்குங்க" என்றார். என் கை சட்டென்று மேலே போனது. திரும்பிப் பார்த்தால் என் கை மட்டும்தான் தனியாக நிற்கிறது. எல்லாப் பெண்களும் மதினியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதினி மனதில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

மதினி எழுந்தார். "தம்பி, கொழம்பு நல்லாருந்துச்சா?"

"சூப்பர்க்கா."

"ஒங்க பிரியாணியும் நல்லாருந்துச்சு. அதுக்கு இது சரியாப் போச்சு. இனி மனசுல உள்ளதச் சொல்லலாம்ல? எங்களுக்கு இது வேணாம்ப்பா."

தம்பியின் முகம் விழுந்துவிட்டது. "என்னக்கா இப்படிச் சொல்றீங்க? மொத வேலையே ஒங்களுக்குத்தான்னு சொல்லியிருக்கோமே."

"அதுதான் தம்பி பயமா இருக்கு. கோட்ட மாட்டிவிட்டு, கையில ஒரு விசிலயும் குடுப்பீங்க. இவளுக சேத்துல எறங்க வருவாளுக. வேற எங்க போவாளுக? என்னோட நண்டு பிடிச்சவளுகளப் பாத்து நானே ஊதி வெரட்டணும். என்னால ஆகாது சாமி."

சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினார். அப்புறம்தான் மற்ற கைகளும் எழுந்தன. அடுப்படியில் நின்றவள்கூடக் கரண்டியோடு கையைத் தூக்கினாள். வகை மாற்ற ஊருக்குச் சம்மதமில்லை என்று தீர்மானம் எழுதினார்கள். கையெழுத்துப் போடுகிறவர்கள் போட்டார்கள், மதினி கைநாட்டு வைத்தார். தீர்மானம் மேலே போயிருக்கிறது, மேலே என்ன செய்வார்களோ தெரியாது. இன்றுவரை ஒரு வேலிக்கல்கூட அங்கே வரவில்லை. நாங்கள் நிம்மதியாகத்தான் இருக்கிறோம்.

அன்றைக்குச் சட்டியைக் கழுவி ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். பாதி வழியில் கேட்டேன். "வருத்தமா இருக்கா மதினி?"

"வருத்தமில்லாம? மாசச் சம்பளம்டி!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "பேங்குல கணக்கு ஆரம்பிக்கணும்னு போட்டோவெல்லாம் எடுத்து வச்சிருந்தேன்."

எனக்குத் தெரியாது. சண்டை போட்டுக்கொண்டிருந்த அத்தனை நாளும், அந்தப் போட்டோவை என்னிடம்கூடக் காட்டாமல் வைத்திருந்திருக்கிறார். நடு ரோட்டில் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"விடுடி, ஊரே பாக்குது" என்றார் மதினி. ஆனால் அவரும் விடவில்லை.