காற்றில் வெந்த சீஸ்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் சாலையை அகலமாக்க வந்தவர்கள் அக்காவின் பஜ்ஜி வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள். ஓரம் என்று அங்கே எதுவும் மிச்சமில்லை. அக்கா எனக்கு உறவில்லை. வரிசை வீட்டில் என் அறைக்கு அடுத்த அறைக்காரர். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவர். கணவர் இறந்த பிறகு இரண்டு பெண்களோடு இங்கே வந்து, ஒரு பெயிண்ட் கம்பெனி கேட்டுக்கு எதிரே அடுப்பு மூட்டினார். அந்த வண்டிதான் மூன்று பேருக்கும் சோறு.

கம்பெனியில் அவருடைய பஜ்ஜிக்குப் பழகிய ஆட்கள் பேசிப் பார்த்ததில், கேட்டுக்கு உள்ளே தொழிலாளிகள் உட்காரும் கொட்டகையில் ஒரு மூலை தரலாம் என்றார்கள். ஆனால் அந்த வளாகம் முழுக்கச் சட்டென்று தீப்பிடிக்கிற தின்னர் பீப்பாய்கள். தீ எரியக்கூடாது, சட்டியில் எண்ணெய் கொதிக்கக்கூடாது. திங்கட்கிழமை சேஃப்டி ஆபீசர் முன்னால் எதையாவது சமைத்துக் காட்ட வேண்டும். அவர் சரி என்றால் இடம். இல்லையென்றால் பாக்கெட் பிஸ்கட் விற்கிற ஒருவர் தயாராகக் காத்திருந்தார்.

"தீ இல்லாம இன்னாத்த சமைக்கறது? வெள்ளரிக்கா நறுக்கி வெக்கவா?" என்றார் அக்கா.

என்னிடம் ஒரு ஏர் ஃப்ரையர் இருந்தது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சூரத்தில் சாயப்பட்டறை, நாயுடுபேட்டையில் லாரி கிளீனர், இங்கே வந்து ரோலிங் மில், பிறகு வீடு மாற்றுகிறவர்களுக்குச் சுமை தூக்குவது என்று ஓடியாகிவிட்டது. ஒரு வீட்டைக் காலி செய்தபோது, பெட்டியில் இடமில்லை என்று அந்த வீட்டு அம்மா கையில் கொடுத்த மெஷின் அது. அறையில் அதற்குள் வெங்காயம் போட்டு வைத்திருந்தேன். அப்போது நான் வேலை பார்த்தது ஒரு குளிர்பதனக் கிடங்கில். அட்டை நசுங்கிய சரக்கை வேலையாட்களுக்கே கொடுத்துவிடுவார்கள். அப்படி இரண்டு பாக்கெட் சீஸ் ஸ்டிக் வந்தது. விரல் நீளத்துக்குச் சீஸ், மேலே ரொட்டித்தூள்.

அக்கா மெஷினுக்குள் எட்டிப் பார்த்தார்.

"உள்ள இன்னா கீது?"

"ஒரு கம்பி காயும். ஃபேன் அந்தச் சூட்டைச் சுத்திச் சுத்தி அடிக்கும்."

"காத்துலயா வேகும்? காத்துல கருவாடு காயும் நைனா. வேகறத நான் பாத்ததில்ல."

ஞாயிற்றுக்கிழமை என் அறையில் போட்டுப் பார்க்க நினைத்தோம். பிளக்கைச் சொருகி சுவிட்சைத் தட்டியதும் வரிசை வீடு முழுக்க ஃப்யூஸ் போய்விட்டது. வீட்டுக்காரர் வந்து, "இன்னொரு தபா இந்தப் பேஜார ஊட்டுக்குள்ள கொண்டாந்தே, உன்னையும் சேத்து வெளிய வெச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் வேகுமா வேகாதா என்றே தெரியாமல்தான் திங்கட்கிழமை போனோம்.

மீன் கொண்டுபோகும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸைப் போட்டு ஒரு பாக்கெட்டை வைத்திருந்தார் அக்கா. இன்னொன்றைக் காலையிலேயே பிரித்துத் தட்டில் பரப்பியிருந்தார். ஏரி மீன் தின்று வளர்ந்தவருக்கு ஐஸ் மீன் என்றாலே இளக்காரம். வேறு வழியில்லாமல் வாங்கினால் ஐஸ் முழுக்க விட்ட பிறகுதான் சட்டிக்குப் போகும். இதற்கும் அதே வழி. கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஸ்டிக்குகள் நன்றாகத் தொளதொளத்துப் போயிருந்தன.

ஆபீசர் சின்ன வயது. பெரிய மீசை. தலையில் ஹெல்மெட்டோடு வந்து மெஷினைத் தொட்டுப் பார்த்தார், ஒயரைத் தூக்கிப் பார்த்தார், "ம்" என்றார். அக்கா ஐஸ் விட்ட ஸ்டிக்குகளை மெஷின் தட்டில் அடுக்கி ஓடவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டை இழுத்தார். ரொட்டித்தூள் கூடுகள் மட்டும் காலியாகக் கிடந்தன. சீஸ் முழுக்க உருகி, தட்டின் ஓட்டைகள் வழியாக இறங்கி, அடியில் பொரிந்துகொண்டிருந்தது.

"என்னம்மா, சட்டை இருக்கு, ஆளைக் காணோம்?" என்றார் ஆபீசர்.

அக்கா சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இரண்டு பெண்களின் பெயரையும் அவர் வாய்க்குள் சொல்வதுபோல எனக்குத் தோன்றியது. ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார்.

கிடங்கில் ஒரு பழக்கம் உண்டு. பெட்டி வியர்த்துவிட்டால் அந்தச் சரக்கைக் கடைக்கு அனுப்ப மாட்டார்கள். கல்லாக இருக்கும்வரைதான் அது சரக்கு. அப்படியென்றால் கல்லாகவே உள்ளே போக வேண்டிய பொருளாக இருக்குமோ என்று எனக்கு அப்போதுதான் பட்டது. அக்காவின் காதில் சொன்னேன்.

"மேல கருகி உள்ள ஐஸு இருந்தா? சார் பல்லு போயிடும்டா."

"ஏற்கெனவே போனதுதானே. இதுவும் போவட்டும்."

அடியை வழித்துத் துடைத்துவிட்டு அக்கா இரண்டாவது பாக்கெட்டைக் கொட்டினார். ஜல்லி கொட்டுகிற சத்தம். ஆபீசர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

ரோலிங் மில்லில் இரும்பு பழுத்து ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். பத்தடி தள்ளி நின்றாலும் கால் முடி பொசுங்கும். கிடங்கில் கதவைத் திறந்தால் குளிர் புகையாக வந்து முகத்தில் மோதும். விரல் நுனி என்னுடையதா என்று சந்தேகம் வரும். அந்த இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது என்றுதான் என் உடம்பு எனக்குச் சொல்லி வைத்திருந்தது. இங்கே ஒரு குடத்தளவு பெட்டிக்குள், தீயும் இல்லாமல் புகையும் இல்லாமல், ஃபேன் சத்தம் மட்டும் கேட்க, அந்தத் தூரம் முழுவதையும் விரல் நீளச் சீஸ் கடந்துகொண்டிருந்தது. முதலில் ஈர வாசனை வந்தது. பிறகு ரொட்டி சுடுகிற வாசனை. பிறகு பால் காய்ந்து ஆடை கட்டுகிற வாசனை. அக்கா மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டார்.

மெஷின் மணி அடித்தது. தட்டை இழுத்தார். எல்லாம் முழுசாக, பொன் நிறத்தில், வரிசை கலையாமல் இருந்தன. ஒன்றிரண்டின் நுனியில் மட்டும் வெள்ளையாக ஒரு முத்து துளிர்த்து நின்றது. ஆபீசர் ஒன்றை எடுத்துப் பிய்த்தார். இரண்டு கையையும் அகட்ட அகட்ட நடுவில் சீஸ் நூலாக நீண்டுகொண்டே போனது. காலையில் ஐஸுக்குள் கிடந்த கல் அது. வாயருகே கொண்டுபோனபோது நூல் அவர் மீசையில் சுற்றிக்கொண்டது.

"சார், வலை மாட்டிக்கிச்சு," என்றார் அக்கா.

எனக்குத் திக்கென்றது. ஆனால் ஆபீசர் மீசையைத் துடைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். பிறகு மெஷினின் பக்கவாட்டிலும் அடியிலும் கையை வைத்துப் பார்த்தார். மெஷினை வைத்திருந்த மேஜை சூடேறவே இல்லை.

"இதை மட்டும்தான் போடணும். அடுப்பு கிடுப்பு ஏதாவது பார்த்தேன்னா அன்னைக்கே வெளியில. நாளைக்கு வந்துடும்மா."

அக்கா கும்பிடுவார் என்று நினைத்தேன். அவர் காலி மூலையை அளவெடுப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், டீக்கு வெந்நி? கரண்டு கெட்டில் ஒண்ணு வெச்சிக்கலாமா?"

ஆபீசர் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு, "வச்சுக்கோ" என்றார்.

இடைவேளை மணி அடித்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அக்கா தட்டிலிருந்து ஒன்றை எடுத்து முதல்முறையாகத் தானே கடித்தார். மென்றார்.

"உப்பு கம்மி. நாளைக்கு மொளகாத்தூள் எடுத்துக்கினு வரணும்," என்றார், கண்ணைத் துடைக்காமலே.