மோர்மன் கண்காட்சியும் கையொப்பமில்லாத புத்தகமும்

கண்காட்சி வழிகாட்டி என்பவர் முந்தாநாள் படித்ததைப் பிறந்ததிலிருந்தே தெரிந்தவர் போலச் சொல்ல வேண்டியவர். நின்று நின்றே கால் வீங்கிய சக வழிகாட்டிகளே, இதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆங்கிலேயர் தலைநகரின் ஒரு மூலையான ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு சின்னக் கூடத்தில் என் தலையில் விழுந்த கண்காட்சி 'இருபதாம் நூற்றாண்டில் மோர்மன்கள்'. அமெரிக்காவில் தோன்றிய அந்தச் சபையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக வீட்டு மணியை அடிக்கும் இரண்டு பெடியன்கள்தான்.

வரும் தமிழருக்குத் தமிழில் விளக்குவது என் வேலை. மூன்று மாதம் சோதனைக் காலம். வாசலில் இருக்கும் கருத்துப் புத்தகத்தில் ஒரு தமிழராவது எழுதினால்தான் வேலை நிரந்தரம் என்று மேலாளர் ஹெலன் சொல்லிவிட்டார். நம்மவர்கள் வாயால் மூன்று மணி நேரம் கருத்துச் சொல்வார்கள். கையொப்பம் மட்டும் வைக்க மாட்டார்கள். அகதியாக வந்த காலத்தில் விளங்காத தாள்களில் ஒப்பம் வைத்துப் பட்ட பாடு அப்படி.

ஐந்து மனைவியர் படம்

போன நூற்றாண்டின் தொடக்கத்தில், இனி யாராவது இன்னொருத்தியைக் கட்டினால் சபையை விட்டே நீக்கம் என்று மோர்மன் தலைமை அறிவித்தது. அந்தப் பலகையில் ஒரு பழைய தாடிக்காரர் ஐந்து மனைவியரோடு நிற்கும் படம். பிளேஸ்டோவில் இருந்து வந்த நவம் அண்ணை அதன் முன்னால் பத்து நிமிடம் அசையாமல் நின்றார். ஆள் உருகிவிட்டார், எழுதப் போகிறார் என்று பேனையை நீட்டினேன். பேனையை வாங்கிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு மறுபடியும் படத்தைப் பார்த்தார். அவர் மனைவி புஷ்பம் அக்கா வந்து கையைப் பிடித்து இழுத்தார்.

"இஞ்சாருங்கோ, ஒருத்திக்குத் தேங்காய் திருவிக் குடுக்க ஏலாத மனுசன், உதிலை நிண்டு என்னத்தைப் பாக்கிறியள்?"

களஞ்சியப் பரிசோதனை

உலகமெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் வந்த முப்பதுகளில் மோர்மன்கள் உணவுக் களஞ்சியங்கள் திறந்தார்கள். வீட்டிலும் சாமான் சேர்த்து வையுங்கள் என்றார்கள். அதைக் காட்ட ஓர் அலுமாரி நிறைய உணவு அடைத்த தகரப் பேணிகள் வைத்திருந்தோம். ராணி அக்கா ஒவ்வொரு பேணியாகத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"உது ஒரு கிழமைக்கும் காணாது தம்பி. என்ர கட்டிலுக்குக் கீழை அஞ்சு மூட்டை அரிசி, ரெண்டு பெட்டி மீன் ரின், சவுக்காரம் எல்லாம் கிடக்கு. ஊரிலை சண்டை நேரம் பொருளாதாரத் தடைக்குள்ளை பிள்ளை வளத்தனான்" என்றார். இதைவிட அருமையான கருத்து எங்கே கிடைக்கும்? இதையே எழுதுங்கள் அக்கா என்று கெஞ்சினேன்.

"எழுதித் தந்தால் நாளைக்கு வீடு தந்த கவுன்சில்காரன் வந்து கட்டிலுக்குக் கீழை பாக்கமாட்டானோ?"

சுருளில் இல்லாத மாப்பிள்ளை

முன்னோரைத் தேடுவதற்காக உலகெங்கும் உள்ள பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை மோர்மன்கள் நுண்படச் சுருள்களில் ஏற்றி வைத்தார்கள். லூயிஷாமில் இருந்து வந்த லீலா அக்கா மகளுக்கு மாப்பிள்ளை தேடும் மும்முரத்தில் இருந்தார். பெடியன் குடிக்கிறவனா இல்லையா என்று அந்தச் சுருளில் பார்க்க முடியுமா என்று கேட்டார். முடியாது, ஆனால் மோர்மன்கள் சாராயம் தொடுவதில்லை என்றேன். முகம் மலர்ந்தது. தேநீரும் கோப்பியும் கூடத்தான் இல்லை என்று என் வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டது.

"அப்ப சம்பந்தம் பேச வாற ஆக்களுக்கு என்னத்தைக் குடுக்கிறது?"

கடைசி நாள்

புத்தகம் வெறுமையாகவே இருந்தது. ஹெலன் பலகைகளைக் கழற்ற ஆட்களுக்குச் சொல்லிவிட்டார். அப்போது வந்தார் செல்லையா அண்ணை, ஓய்வு பெற்ற பஸ் சாரதி, எங்கள் ஊர்க்காரர்.

கடைசிப் பலகையில் நின்றார். கறுப்பின ஆண்களுக்கு மோர்மன் சபையில் நெடுங்காலம் குருப்பட்டம் இல்லை. எழுபதுகளின் கடைசியில், அந்தத் தடையை நீக்கும்படி கடவுள் வெளிப்படுத்தியதாகச் சபைத் தலைவர் அறிவித்தார். இதைச் சொன்னதும், "இன்னொருக்காச் சொல்லும்" என்றார். சொன்னேன்.

"எங்கட அப்புவைச் சாகும்வரைக்கும் கோயில் வாசல் தாண்ட விடேல்லை, தெரியுமோ?" என்றார். தெரியும். சாதியைச் சொல்லி அவர் தகப்பனை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே நின்று கும்பிட்ட பக்கத்தைச் சேர்ந்தவன் நான். எனக்கு வெட்கமாக இருந்தது. எழுதச் சொல்லி அவரை நான் கேட்கவில்லை.

அவரே வாசலுக்குப் போய்ப் பேனையை எடுத்தார். நிதானமாக எழுதி, முழுப் பெயரும் போட்டு, கையொப்பமும் வைத்தார். அவர் எழுதியது இதுதான்:

"இவையின்ர கடவுள் பிந்தியெண்டாலும் அறிவிச்சுப்போட்டார். எங்கட கோயில் நிர்வாகத்துக்கு இன்னும் லைன் கிடைக்கேல்லைப் போலை."

என் வேலை நிரந்தரமானது அந்த இரண்டு வரியால்தான், அதை ஹெலனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னதுதான் மூன்று மாதத்தில் நான் உண்மையாகச் செய்த ஒரே வேலை.